நாடியும் நிமிடமும்: மூச்சுத் திணறியவர்கள் வைத்த கணக்கு

அம்மாவுக்கு நாற்பது வருஷம் விறகடுப்பு. பீடி, சுருட்டு எதுவும் கிடையாது. புகை மட்டும் உண்டு. ஊதாங்குழலோடு குனிந்து உட்கார்ந்த அந்த நாற்பது வருஷம் நுரையீரலில் என்ன செய்துவைத்தது என்பது அறுபதைத் தாண்டிய பிறகுதான் தெரிந்தது. ஒவ்வொரு கார்த்திகை, மார்கழியிலும் சாதாரணச் சளியாக ஆரம்பிப்பது நெஞ்சுக்குள் இறங்கும். காய்ச்சல் லேசாகத்தான் இருக்கும். மூச்சு வாங்கும். கூடவே நெஞ்சு அடித்துக்கொள்ளும். மூச்சுத் திணறலைவிட இந்த அடிப்புதான் அவளைக் கலவரப்படுத்தியது. "சளி கட்டினது நுரையீரல்ல. நெஞ்சு எதுக்கு இந்த ஓட்டம் ஓடுது?" என்று கேட்பாள்.

ஒரு மார்கழி இரவில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். முகமூடி போட்டு மருந்துப் புகை பிடிக்க வைத்தார்கள். பத்து நிமிஷத்தில் மூச்சு கொஞ்சம் இளகியது. ஆனால் 110இல் இருந்த நாடி 130க்கு ஏறியது. "கை நடுங்குது, நெஞ்சு வெளிய வந்துரும்போல இருக்கு" என்றாள். பணியிலிருந்த இளம் டாக்டர் மெஷினைப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல பாட்டி, பயம்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அவர் போன பிறகு நர்ஸம்மா எங்கள் பக்கம் திரும்பாமலே, "மருந்து அப்படித்தான் பண்ணும், கொஞ்ச நேரத்துல அடங்கிரும்" என்றார். ஒரே மணிக்கட்டு, ஒரே 130. ஒருவருக்கு அது பயம், இன்னொருவருக்கு மருந்து, கட்டிலில் கிடந்தவளுக்கு நெஞ்சு வெளியே வந்துவிடும் என்கிற நிலை. இந்த மூன்றில் எது கேஸ் ஷீட்டில் ஏறியது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இந்தக் கட்டுரைக்கான வாசிப்பு அங்கேதான் தொடங்கியது.

அம்மாவின் கேள்விக்கு உடலியங்கியலில் பதில் இருக்கிறது. அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காய்ச்சல் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் இருதயத் துடிப்பு நிமிடத்துக்கு ஏறத்தாழ எட்டு, பத்து கூடும். நாள்பட்ட நுரையீரல் நோயாளிக்குச் சளி இறங்கினால் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது. கழுத்துத் தமனியை ஒட்டியிருக்கும் சின்ன உணர்வுக் கணுக்கள் அதைக் கண்டுகொண்டு மூச்சையும் நாடியையும் முடுக்கிவிடுகின்றன (இதைச் சொன்னதற்காகக் கார்னெய் ஹெய்மன்ஸுக்கு 1938ஆம் வருஷத்து நோபல் பரிசு). ஆக்சிஜன் குறைந்த இடத்தில் நுரையீரலின் ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. அது 1946இல் ஸ்வீடனில் ஃபான் ஆய்லரும் லில்யெஸ்ட்ராண்டும் காட்டியது. சுருங்கிய குழாய்களுக்குள் ரத்தத்தைத் தள்ளுகிற வேலை இருதயத்தின் வலது பக்கத்துக்கு. இழுத்த காற்று முழுக்க வெளியே போகாமல் தங்கித்தங்கி ஊதிப்போன நுரையீரல், நடுவில் இருக்கிற இருதயத்தை நெருக்குகிறது. ஒரு துடிப்புக்கு உள்ளே வரும் ரத்தம் குறைகிறது. ஒரு துடிப்பில் செய்ய முடியாததை அதிகத் துடிப்புகளில் ஈடுகட்டப் பார்க்கிறது இருதயம். குறைந்த கூலிக்கு அதிக நேரம் உழைக்கிறவன் கதைதான். அதற்கு மேல், மூச்சுக்குழாயைத் திறக்கக் கொடுக்கிற சால்பூட்டமால், தியோபிலின் மருந்துகள் இருதயத்தையும் சேர்த்தே விரட்டும். ஆக அந்த 130க்குள் காய்ச்சல், ஆக்சிஜன் பஞ்சம், வீங்கிய நுரையீரல், மருந்து எல்லாமே இருந்தன. பயமும் இருந்திருக்கும், யார் இல்லை என்றது.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. இந்த '130' எங்கிருந்து வந்தது? ஒரு மனித உடலின் அடிப்பை நிமிடத்துக்கு இத்தனை என்று எண்ணி எழுதும் பழக்கம், இன்று எவ்வளவு இயல்பாகத் தெரிந்தாலும், ஒரு குறிப்பிட்ட காலத்தில் ஒரு குறிப்பிட்ட ஊரில் முறையாகத் தொடங்கியது. அதைத் தொடங்கியவர் ஒரு ஆஸ்துமா நோயாளி.

ஜான் ஃப்ளாயர் (1649–1734) இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில், லிச்ஃபீல்ட் என்கிற கதீட்ரல் ஊரில் வைத்தியம் பார்த்தவர். 1698இல் ஆஸ்துமா பற்றி ஒரு நூல் எழுதினார். அதற்கு அவர் முதல் சாட்சியாக நிறுத்துவது தன்னையேதான். முப்பது வருஷமாவது இந்த நோயின் கீழ்ப்பட்டுக் கிடந்ததாகச் சொல்கிறார். ஆக்ஸ்ஃபோர்டில் படித்த பன்னிரண்டு வருஷம் நோய் வராமலிருந்ததையும், சொந்த ஊருக்குப் போனால் மட்டும் வந்துவிடுவதையும் கவனித்து எழுதுகிறார். மூச்சு முட்டிச் செத்துப்போன ஒரு குதிரையை அறுத்துப் பார்த்து, அதன் நுரையீரலில் காற்று அடைபட்டு ஊதியிருந்ததையும் பதிவு செய்கிறார். பிற்காலத்தில் எம்ஃபசீமா என்று பெயர் பெற்ற நிலையின் ஆரம்பகால விவரிப்புகளில் ஒன்று அது.

இதே மனிதர் 1707இல் 'வைத்தியரின் நாடிக் கடிகாரம்' என்ற நூலின் முதல் பகுதியை வெளியிட்டார். 1710இல் இரண்டாம் பகுதி. அதுவரை கடிகாரங்களில் நொடிமுள் என்பது சாதாரணமாகக் கிடையாது. 1650களில் ஹைகன்ஸின் ஊசல், 1675இல் சுருள்வில் என்று வந்த பிறகுதான் நிமிடம் நம்பத்தகுந்த ஒன்றாக ஆனது. ஃப்ளாயர் முதலில் கப்பல்காரர்கள் வைத்திருக்கும் ஒரு நிமிட மணல்குடுவையை வைத்து எண்ணிப் பார்த்திருக்கிறார். பிறகு சாமுவேல் வாட்சன் என்ற கடிகாரத் தொழிலாளியைக் கொண்டு, நொடிமுள்ளும் நிறுத்துவிசையும் உள்ள கடிகாரம் செய்ய வைத்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணினார், எண்ணினார், எண்ணிக்கொண்டே இருந்தார்: சாப்பிடுமுன், சாப்பிட்ட பின், வெயிலில், குளிரில், குழந்தைக்கு, கிழவருக்கு. நாடியோடு மூச்சையும் எண்ணி இரண்டுக்கும் உள்ள விகிதத்தைத் தேடினார். மூச்சுக்காக முப்பது வருஷம் போராடிய ஒருவருக்கு மட்டுமே தோன்றக்கூடிய யோசனை இது என்று எனக்குப் படுகிறது.

நாடி பார்ப்பது அதற்கு முன் இல்லையா என்றால், ஏன் இல்லை. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவில் ஹீரோஃபிலஸ் நீர்க்கடிகாரம் வைத்து நாடியை அளந்ததாகச் செய்தி உண்டு. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாந்தோரியோ ஊசலின் நீளத்தைக் கூட்டிக் குறைத்து நாடியோடு பொருத்தினார். சீனத்தில் நாடியின் குணங்களைச் சொல்ல ஒரு தனி அகராதியே இருந்தது. நம் சித்த வைத்தியத்தில் மூன்று விரலில் வாதம், பித்தம், ஐயம் என்று ஒன்று, அரை, கால் விகிதத்தில் பார்ப்பதும், அன்னம்போல், தவளைபோல் என்று நடையைச் சொல்வதும் எல்லாருக்கும் தெரிந்ததே. இங்கே உடனே 'நம்ம ஆட்கள் அன்றே சொல்லிவிட்டார்கள்' என்று கிளம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அவர்கள் சொன்னது வேறு. அது குணம் பற்றிய மொழி. ஃப்ளாயர் தேடியது எண். இரண்டையும் ஒன்றாக்கினால் இரண்டுக்கும் நியாயம் செய்ததாகாது.

சுவாரசியம் என்னவென்றால் ஃப்ளாயர் கிழக்கின் நாடியை வாசித்திருக்கிறார். 1682இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஆந்திரேயஸ் கிளையர் பெயரில் சீன வைத்தியம் பற்றிய ஒரு லத்தீன் நூல் வந்தது. (அதிலுள்ள மொழிபெயர்ப்புகளில் பெரும்பகுதி போலந்து ஜெசூட் மிஷேல் போயம் செய்தது, அவர் பெயர் காணாமல் போய்விட்டது என்பார்கள். பெயர் காணாமல் போகிற கதை இந்தக் கட்டுரையில் இன்னொரு முறை வரும்.) ஃப்ளாயரின் இரண்டாம் பகுதியில் சீன நாடிக்கலை பற்றிப் பேச்சு வருகிறது. ஆனால் வழுக்கும் நாடி, மிதக்கும் நாடி என்கிற வர்ணனைகளை வைத்துக்கொண்டு அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சூடு, குளிர்ச்சி; கூட, குறைய என்ற தராசில் ஏற்றிவிடுகிறார். ஷிகேஹிசா குரியாமா 1999இல் எழுதிய 'உடலின் வெளிப்பாட்டுத்தன்மை' என்ற நூல் இந்த இடத்தை நன்றாகப் பிடிக்கிறது: ஒருவர் விரலால் உணர்ந்ததை இன்னொருவருக்குச் சொல்ல உவமை வேண்டியிருந்தது, உவமையின் மேல் நம்பிக்கை இழந்த காலம் எண்ணைப் பற்றிக்கொண்டது.

இங்கே ஃபூக்கோவை இழுக்காமல் போக முடியாது. 1963இல் வந்த 'மருத்துவமனையின் பிறப்பு' நூலில் அவர் மருத்துவப் பார்வை மாறிய கணத்தைப் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், பாரிஸின் ஆஸ்பத்திரிகளில், பிஷாவின் பிணப் பரிசோதனை மேசையில் வைக்கிறார். அது பெரிய அளவில் சரி. ஆனால் ஃப்ளாயர் அந்த வரைபடத்தில் பொருந்தவில்லை. அவர் பாரிஸுக்கு எண்பது தொண்ணூறு வருஷம் முந்தியவர். ஆஸ்பத்திரி இல்லாத ஒரு சிற்றூர்க்காரர். பார்க்கப்படும் உடலும் பார்க்கும் கண்ணும் அவரிடத்தில் ஒன்றாக இருந்தன. அறிவு அதிகாரத்திலிருந்து நோயாளியை நோக்கி மட்டும் பாய்வதில்லை. நோயாளியே அறிவை உண்டாக்கி, அதைப் பிறகு மற்ற நோயாளிகள்மேல் செலுத்துகிற கதையும் உண்டு. தமிழில் ஃபூக்கோவைப் பேசியவர்கள் (நானும் ஒருவன்தான்) 'எண் என்றாலே ஒடுக்குமுறை' என்று ஒரு காலத்தில் அவசரப்பட்டதற்கு இந்தமாதிரி ஆட்களை வாசிக்காததும் ஒரு காரணம்.

அதற்காக ஃப்ளாயரைப் புனிதராக்கவும் வேண்டாம். அவர் சர் பட்டம் பெற்ற கனவான். கையிலிருந்த நிமிடமும் அப்பாவி நிமிடமல்ல. அவர் எண்ணிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், 1700 வாக்கில், வடக்கே கிரௌலியின் இரும்பாலையில் ஒரு சட்டப் புத்தகமே எழுதி வைத்திருந்தார்கள். தொழிலாளி சாப்பிட்ட நேரம், புகைத்த நேரம், பாட்டுப் பாடிய நேரம் எல்லாம் கூலியிலிருந்து கழிக்கப்படும். இ.பி. தாம்ப்சன் 1967இல் எழுதிய காலமும் வேலை ஒழுங்கும் பற்றிய கட்டுரையைப் படித்தவர்களுக்கு இது நினைவிருக்கும். தொழிற்சாலை நிமிடமும் நாடி நிமிடமும் ஒரே பட்டறையில் வார்த்தவை. இரண்டிலும் 'இயல்பு' என்று ஒரு அளவு நிர்ணயிக்கப்படுகிறது. அதைத் தாண்டினாலும் குறைந்தாலும் குற்றம். எழுபது, எழுபத்தைந்து என்பதை ஆரோக்கியத்தின் எண்ணாக வைத்த ஃப்ளாயர், அதற்கு மேல் போனால் உடல் சூடு, குளிர்ச்சி கொடு. கீழே போனால் குளிர்ச்சி, சூடு கொடு என்றார். கேலனின் பழைய நான்கு நீர்க் கொள்கைக்குள் புதுக் கடிகாரத்தைச் சொருகினார். எண்ணைச் சரிசெய்துவிட்டால் நோய் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையின் விதை அங்கே விழுந்தது.

லிச்ஃபீல்டைவிட்டு நகர மனம் வரவில்லை. அந்த ஊரில் மைக்கேல் ஜான்சன் என்று ஒரு புத்தகக் கடைக்காரர் இருந்தார். ஃப்ளாயரின் ஆரம்ப நூல் ஒன்றை 1687இல் வெளியிட்டவர் அவர்தான். அவருக்கு 1709இல் பிறந்த பிள்ளைக்குக் கழுத்தில் கண்டமாலை வந்தது. காசநோய்க் கிருமி நிணநீர்க் கணுக்களைத் தாக்குவதால் வருவது. ராஜ குடும்பத்தார் கை பட்டால் அது தீரும் என்பது அன்றைய நம்பிக்கை. நாடியை நொடிமுள் வைத்து எண்ணிய அதே ஃப்ளாயர், பிள்ளையை லண்டனுக்குக் கூட்டிப்போய் ஆன் ராணியின் கையால் தொடவைக்கச் சொன்னார். 1712இல் போனார்கள், ராணி தொட்டாள், நோய் போகவில்லை. பகுத்தறிவின் காலம் என்று நாம் பெயர் வைத்திருப்பது இப்படித்தான் இருந்தது.

அந்தப் பிள்ளைதான் ஆங்கில அகராதி செய்த சாமுவேல் ஜான்சன். கடைசி வருஷங்களில் மூச்சிரைப்பும் நீர்க்கோவையும் அவரை வாட்டின. படுக்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்தே இரவுகளைக் கழித்தார். கடல்வெங்காயம் சாப்பிட்டார், நம் நரிவெங்காயத்தின் நெருங்கிய உறவு அது, இருதயத்தின்மேல் வேலை செய்கிற சரக்கு அதில் உண்டு. 1784 கோடையில் சொந்த ஊருக்கு வந்தபோது கதீட்ரல் நூலகத்திலிருந்து ஒரு புத்தகத்தைக் கடன் வாங்கினார். ஃப்ளாயரின் ஆஸ்துமா நூல். குழந்தையில் தன்னை ராணியிடம் அனுப்பிய வைத்தியரின் புத்தகத்தை, எழுபத்து நான்கு வயதில், மூச்சு வாங்கிக்கொண்டே அந்த மனிதர் புரட்டியிருக்கிறார்.

அந்த டிசம்பரில் ஜான்சன் இறந்தார். ஜேம்ஸ் வில்சன் உடலைத் திறந்து பார்த்தார். நெஞ்சைத் திறந்தால் சுருங்க வேண்டிய நுரையீரல் சுருங்கவில்லை. காற்று உள்ளேயே நின்றது. இருதயம் மிகப் பெரிதாக இருந்தது. நுரையீரலின் கஷ்டத்தை இருதயம் எப்படிச் சுமக்கிறது என்பதற்கு இதைவிடக் கண்கூடான காட்சி வேண்டாம். பிறகு மேத்யூ பெய்லி வெளியிட்ட நோய்க்கூற்றுப் படத்தொகுப்பில் எம்ஃபசீமாவுக்கு உதாரணமாக வரும் நுரையீரல் ஜான்சனுடையதுதான் என்று மருத்துவ வரலாற்றாளர்கள் கருதுகிறார்கள். ஜான்சனுக்கு வைத்தியம் பார்த்தவர்களில் வில்லியம் ஹெபர்டன் ஒருவர். அவர்தான் 1768இல் நாடியின் நூறு குணங்களைப் பற்றிய பேச்சை ஓரமாக வைத்துவிட்டு எண்ணிக்கையைக் கவனியுங்கள், அதில்தான் இருவர் ஒத்துப்போக முடியும் என்று லண்டன் வைத்தியர்களுக்குச் சொன்னவர். ஃப்ளாயர் இறந்து முப்பது வருஷங்களுக்கு மேல் கவனிப்பாரற்றுக் கிடந்த கடிகாரம் மெல்ல நடக்கத் தொடங்கியது.

ஜான்சன் இறந்த அடுத்த வருஷம், 1785இல், பக்கத்துப் பர்மிங்ஹாமிலிருந்து வில்லியம் வித்தரிங்கின் ஃபாக்ஸ்குளோவ் நூல் வெளிவந்தது. டிஜிட்டாலிஸ் என்று பிற்பாடு மாத்திரையான செடி. இருதயத்தின் ஓட்டத்தின்மேல் இதற்கு வேறெந்த மருந்துக்கும் இல்லாத ஆற்றல் இருப்பதாக அவர் கண்டார். இந்த வித்தரிங்கும் நாள்பட்ட நுரையீரல் நோயாளி. குளிர்காலத்துக்குப் போர்ச்சுகல் போய்ப் பார்த்தார், 1799இல் இறந்தார். அவருக்கு அந்த மருந்து கிடைத்த விதம் அவர் எழுத்திலேயே இருக்கிறது: 1775இல், ஷ்ராப்ஷயரில் ஒரு கிழவி ரகசியமாக வைத்திருந்த குடும்பக் கைமருந்து பற்றி அவரிடம் அபிப்பிராயம் கேட்டார்கள். இருபதுக்கு மேற்பட்ட மூலிகைகள் இருந்தன. வேலை செய்வது இந்த ஒன்றுதான் என்று கண்டுகொள்ள அவருக்குச் சிரமமிருக்கவில்லை. கிழவியின் பெயரை அவர் எழுதவில்லை. 1928இல் ஒரு அமெரிக்க மருந்துக் கம்பெனி தன் விளம்பரத்துக்காக அவளுக்கு 'மதர் ஹட்டன்' என்று ஒரு பெயரைச் சூட்டிப் படமும் வரைந்தது. பல மருத்துவ நூல்கள் அதை வரலாறாகவே எடுத்துக்கொண்டன. 1985இல்தான் இது கட்டுக்கதை என்று காட்டப்பட்டது. உழைப்பாளிப் பெண்ணுக்கு வரலாற்றில் பெயர் கிடைக்க வேண்டுமானால் அது விளம்பரமாகத்தான் கிடைக்கும்போலிருக்கிறது.

பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியம். காசநோயாளியின் நாடி எப்போதும் வேகமாக ஓடும் என்பது எல்லா வைத்தியருக்கும் தெரியும். டிஜிட்டாலிஸ் நாடியைத் தணிக்கிறது என்பதும் தெரிந்துபோனது. இரண்டையும் கூட்டினார்கள். 1800ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரிஸ்டலின் தாமஸ் பெடோஸ் போன்றவர்கள் (ஏழைகளுக்காக இலவச வைத்தியம் நடத்திய, பிரெஞ்சுப் புரட்சியை ஆதரித்த நல்ல மனிதர்) காசத்துக்கு மருந்து கிடைத்துவிட்டதென்று நம்பினார்கள். மருந்து கொடுத்தார்கள், 120 எழுபதாயிற்று, நோயாளி குணமாகிறார் என்று எழுதினார்கள். எழுபது என்ற அழகான எண்ணோடு நோயாளிகள் இறந்தார்கள். குமட்டலும் கண் மங்கலும் வந்து அவர்கள் முறையிட்டிருப்பார்கள். எண்ணைத் தணிக்கத் தணிக்க அந்த ஓட்டத்துக்குக் காரணமான கிருமி அதன்பாட்டுக்கு நுரையீரலைத் தின்றுகொண்டிருந்தது. புகையைப் பார்த்து மணி அடிக்கிறது என்று மணியின் நாக்கைக் கட்டிப்போட்ட மாதிரி.

இதற்கு நேர் எதிரான தவறு இருபதாம் நூற்றாண்டில் நடந்தது. 1956இல் அழுத்திப் பீச்சும் இன்ஹேலர் சந்தைக்கு வந்தது. ஐசோபிரினலின் என்ற மருந்து அதில் கொடுக்கப்பட்டது. மூச்சுக்குழாயைத் திறக்கும், இருதயத்தையும் விரட்டும். 1960களின் தொடக்கத்தில் 'ஃபோர்ட்டே' என்ற பெயரில் ஒரு அழுத்தத்துக்குப் பல மடங்கு மருந்து பீச்சும் வகை சில நாடுகளில் விற்பனைக்கு வந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கடையில் சீட்டு இல்லாமல் வாங்கலாம். பிள்ளைகள் சாகத் தொடங்கினார்கள். 1968இல் ஸ்பைசர், டால், ஹீஃப் மூவரும் இறப்புக் கணக்குகளை எடுத்துப் பார்த்தார்கள்: 10 முதல் 14 வயதுக்குட்பட்டவர்களில் ஆஸ்துமா சாவு 1959க்கும் 1966க்கும் இடையில் ஏறத்தாழ எட்டு மடங்காகியிருந்தது. சில பிள்ளைகள் கையில் காலி இன்ஹேலரோடு கிடந்தார்கள். அந்த ஆண்டு இறுதியில் சீட்டில்லாமல் விற்பது நிறுத்தப்பட்டது, சாவுகள் குறைந்தன. 'ஃபோர்ட்டே' அனுமதிக்கப்படாத அமெரிக்காவில் அப்படி ஓர் அலையே எழவில்லை என்பதை 1972இல் பால் ஸ்டாலி கவனப்படுத்தினார். ஆக்சிஜன் குறைந்த இருதயத்தை மருந்து விரட்டியதால் தாளம் தப்பியதா, அல்லது தற்காலிக சுகத்தை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிட்டார்களா என்ற வாதம் இன்றும் முழுதாக முடியவில்லை. இரண்டும் சேர்ந்திருக்கலாம்.

அதோடு விடவில்லை. 1976இல் நியூசிலாந்தில் ஃபெனடரால் என்ற மருந்து வந்தது. சாவு மறுபடி ஏறியது. மாவோரி மக்களிடத்தில் இன்னும் மோசமாக. வெலிங்டனில் ஜூலியன் கிரேன், நீல் பியர்ஸ், ரிச்சர்ட் பீஸ்லி முதலானோர் சந்தேகப்பட்டு ஆராய்ந்து 1989இல் வெளியிட்டார்கள். வெளியிடவிடாமல் தடுக்க எத்தனை முயற்சி நடந்தது என்பதைப் பியர்ஸ் 2007இல் ஒரு புத்தகமாகவே எழுதியிருக்கிறார். அரசு அந்த மருந்துக்கான மானியத்துக்குக் கட்டுப்பாடு விதித்தது. கொஞ்ச காலத்தில் ஆஸ்துமா சாவு ஏறத்தாழப் பாதியாகியது.

இங்கே ஒன்றை யோசிக்க வேண்டியிருக்கிறது. 'நெஞ்சு வெளிய வந்துரும்போல இருக்கு' என்று அந்தப் பிள்ளைகளும் சொல்லியிருப்பார்கள். 'பயம்தான்' என்று அவர்களுக்கும் யாரோ சொல்லியிருப்பார்கள். ஒவ்வொரு வீட்டிலும் அது ஒரு தனிப் பதற்றமாகவே முடிந்துபோனது. அதை ஒரு குற்றப்பத்திரிகையாக மாற்றியது எது? கணக்கு. டாலும் பியர்ஸும் செய்ததும் எண்ணுவதுதான். அன்று ஒடுக்குமுறை என்று நாங்கள் எழுதிய அதே 'எண்', செத்தவர்களின் பக்கம் நின்று பேசியிருக்கிறது. நாடியை எண்ணியது வைத்தியர். சாவை எண்ணியவர்கள் அந்த வைத்தியத்தையே விசாரித்தார்கள். எந்த எண்ணை யார் எடுக்கிறார், எதை விட்டுவிடுகிறார் என்று பார்க்காமல் எண்ணையே எதிர்ப்பதில் எனக்கு இப்போது ஆர்வமில்லை.

நாடியைத் தணிக்கிற ஆசை ஓயவில்லை என்பதையும் சொல்லிவிடலாம். 1960களில் ஜேம்ஸ் பிளாக் உருவாக்கிய புரோபிரனலால் இருதய வேகத்தைக் குறைத்தது, ஆனால் ஆஸ்துமாக்காரருக்கு மூச்சுக்குழாயை இறுக்கியது. பிறகு இருதயத்தை மட்டும் பெரும்பாலும் தொடுகிற வகைகள் வந்தன. வேகமான நாடி உள்ள நுரையீரல் நோயாளிகள் சீக்கிரம் இறக்கிறார்கள் என்று கோபன்ஹேகன் ஆய்வு 2013இல் காட்டியது. அப்படியானால் நாடியைக் குறைத்தால் நோய் முற்றும் தருணங்களைத் தவிர்க்கலாமோ என்று மெட்டோபுரோலால் கொடுத்துச் சோதித்தார்கள். 2019இல் முடிவு வந்தது: தவிர்க்க முடியவில்லை, ஆஸ்பத்திரியில் சேருமளவு கடுமையான தாக்குதல்கள் மருந்து எடுத்தவர்களிடம் கூடுதலாக இருந்தன. (இருதய நோய்க்காக அம்மருந்து தேவைப்படுகிறவர்கள் கதை வேறு, இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்த வேண்டாம்.) பெடோஸ் இருந்திருந்தால் பெருமூச்சு விட்டிருப்பார்.

2020இல் கொரோனா வந்தபோது விரலில் மாட்டுகிற ஆக்சிமீட்டர் தெருத்தெருவாக வந்தது. அந்த உத்தியை 1974இல் ஜப்பானில் முன்வைத்த தகுவோ அவோயாகி அதே 2020 ஏப்ரலில்தான் இறந்தார். நாடித் துடிப்பை வைத்தே ரத்தத்தின் ஆக்சிஜனைக் கணக்கிடும் கருவி அது. ஃப்ளாயர் தேடிய மூச்சும் நாடியும் ஒரே சின்னத் திரையில். ஆனால் ஒளி தோலைக் கடந்து போக வேண்டும். கறுத்த தோலில் அது உண்மையைவிட உயர்த்திக் காட்டக்கூடும் என்று ஜூப்ரானும் டோபினும் 1990லேயே சொல்லியிருந்தார்கள். முப்பது வருஷம் யாரும் பொருட்படுத்தவில்லை. 2020 டிசம்பரில் அமெரிக்காவிலிருந்து வந்த ஓர் ஆய்வு, கருவி கண்டுகொள்ளாத ஆக்சிஜன் பற்றாக்குறை வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு அடிக்கடி நேர்கிறது என்று காட்டியது.

எங்கள் தெருவுக்கும் ஒரு பெண் கணக்கெடுக்க வந்தாள். முகக்கவசத்துக்குமேல் வியர்வை. அம்மாவுக்கு அப்போது கொரோனா இல்லை, வழக்கமான மார்கழிச் சளி. விரலில் மாட்டிப் பார்த்தாள். மேலே 95, கீழே 118. "நல்லாருக்கு பாட்டி" என்று 95ஐ எழுதிக்கொண்டாள். அம்மா விடவில்லை. "கீழ இருக்கிறதையும் எழுதும்மா, அதுதான் என்னைப் படுத்துது" என்றாள். அந்தப் பெண் நோட்டைத் திருப்பிக் காட்டினாள். பெயர், வயது, கதவு எண், காய்ச்சல், ஆக்சிஜன். அவ்வளவு கட்டங்கள்தான் இருந்தன. அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஓரத்தில், எங்கள் கதவு எண்ணுக்குப் பக்கத்தில், சின்னதாக 118 என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.